அரைக்கட்டை ஏறிப்போன மரியாதை

1. வந்தவர்களும் வராதவர்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திண்டிவனம் மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள்: யாருக்காகக் கச்சேரியோ அந்த தனசேகர் அண்ணன், கீபோர்டில் ஏழுமலையாகிய நான், பேஸ் கிட்டாரில் பாபு, டிரம்ஸில் சுந்தர், முதல் வரிசை நடு நாற்காலியில் ஜெயக்குமார் சார். சேகர் அண்ணன் ஒரு வேன் விபத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் வாசித்த திண்டிவனம் ஆர்கெஸ்ட்ராவின் ஓனர் இந்த ஜெயக்குமார் சார்தான். அவருக்குப் பின்னால் நூற்றைம்பது நாற்காலி போட்டிருந்தோம். பாதிக்கு ஆள் இருந்தது.

வராதவர்கள்: விழுப்புரத்தில் என்னுடைய குழுவின் ஓனர். எங்கள் பாடகர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஏனென்றால் இது பாட்டே இல்லாத கச்சேரி. "பாட்டு இல்லாத எடத்துல நான் வந்து இன்னாடா பண்றது, கையத் தட்டினு உக்காரவா?" என்று எங்கள் பாடகி கேட்டார்.

சேகர் அண்ணனின் மனைவி கலாவதி அக்காவும் வரவில்லை. முந்தின நாள் நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"நான் எதிர்ல உக்காந்தா அவரு என் மூஞ்சியப் பாத்துக்கினே வாசிப்பாரு. வேணாம்பா. நல்லா வாசிச்சாருன்னா நீ ஒரு போன் போடு, போதும்."

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2. ஜார்ஜ் கச்சேரி

புதிதாக கீபோர்டு வாங்கி ஆர்கெஸ்ட்ராவுக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் இன்னும் பெரிய வயதாகிவிடவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சேகர் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அல்ல. போட்டிக்காரர். நான் விழுப்புரம் குழு, அவர் திண்டிவனம் குழு. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு குழுவும் ரேட் பேசுவோம். முக்கால்வாசி அவர்களுக்குத்தான் போகும். அவர் வாசிப்பதை முதலில் நான் கேட்டது ஒரு ரிசப்ஷனில், வெளியே சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது வாசிக்கும் சாதாரண மெட்டுதான். வலது கை அதே மெட்டை வாசிக்க, இடது கை வேறு எங்கோ போய்த் திரும்பி வந்தது. நாங்கள் மூன்று சுரம் வைக்கும் இடத்தில் அவர் ஐந்து வைத்தார். தப்பு மாதிரி ஆரம்பித்து, சரியாக முடியும். வரிசையை விட்டு விலகி மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பெயர் ஜாஸ் என்று பிறகு தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருஷம் வாசித்தபோது பிடித்துக்கொண்டாராம். அந்த வழியில் அவரே நாலு மெட்டு போட்டு வைத்திருந்தார். ஒன்றுக்கு 'ஆறு பத்து பாசஞ்சர்' என்று பெயர். ஜெயக்குமார் சாருக்கு அதெல்லாம் பிடிக்காது. "சேகரு, கல்யாணத்துல கூழு கேட்டா கூழ ஊத்து. அதுல எதுக்கு முந்திரிப்பருப்பு போட்டுக்கினு" என்பார். ஆனால் அந்த முந்திரிப்பருப்புக்காகத்தான் ஜனம் தங்கள் குழுவைக் கூப்பிடுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் வேன் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. சேகர் அண்ணனுக்கு வலது முழங்கையில் நரம்பு போனது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே நின்றுவிட்டன. அதற்கப்புறம் மச்சான் வைத்திருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டைக்கு நம்பர் எழுதும் வேலை. இரண்டு வருஷம் வீட்டில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்த இரண்டு விரலுக்கு மட்டும் பயிற்சி செய்தார். மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

ஒருநாள் அவரே போன் செய்தார். "ஏழுமல, வெள்ளக் கட்டையில எல்லாம் வந்துடுச்சுடா. கருப்புக் கட்டதான் கொஞ்சம் பேஜாரு பண்ணுது."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் போட்ட மெட்டுகளை மட்டும் வைத்து, அவருக்கு மரியாதை செய்வதற்கென்றே ஒரு கச்சேரி. மூன்று மெட்டை நான் வாசிப்பது. கடைசியாக 'ஆறு பத்து பாசஞ்சர்', அதை அவரே வந்து வாசிப்பது. சி மேஜர் மெட்டு, முக்கால்வாசி வெள்ளைக் கட்டைதான். ஜெயக்குமார் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நேராகவே பேசினார்.

"வர்றேன். கை வந்துடுச்சுன்னா வைகாசி சீசன்லேர்ந்து அவரு சீட்டு அவருக்குத்தான். வர்லைன்னா எதையும் மனசுல வெச்சுக்காத. நான் கம்பெனி நடத்துறேன், ஆஸ்பத்திரி நடத்தல."

இதை சேகர் அண்ணனிடம் சொன்னேன். மண்டி வாசலில் நின்று வலது கையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.

போஸ்டர் அடித்த அச்சகத்தில் 'ஜாஸ் கச்சேரி' என்பதை 'ஜார்ஜ் கச்சேரி' என்று போட்டுவிட்டார்கள். பார்க்கும்போது ஒட்டி முடித்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் ஒருவர் என்னிடமே கேட்டார், "யாருப்பா இந்த ஜார்ஜு, சினிமாவுல பாடியிருக்காரா?" மண்டபத்துக்கு வந்த எண்பது பேரில் பத்துப் பேராவது ஜார்ஜைப் பார்க்க வந்தவர்கள். சேகர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "வுடு, கை வர்லைன்னா ஜார்ஜு மேல போட்டுக்கலாம்" என்றார்.

3. மேனுவல்

என் அப்பா விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கரும்பு வெட்டியவர். கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் குழுவுக்குப் புது கீபோர்டு வந்தபோது அதனுடன் தொண்ணூறு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு மேனுவல் வந்தது. வேறு யாரும் அதைப் பிரிக்கவில்லை. நான் டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதத்தில் படித்து முடித்தேன். வார்த்தைக்கு மேலே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதுவேன். அதிலிருந்து குழுவில் எனக்கு மேனுவல் ஏழுமலை என்று பெயர். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமை. மற்ற குழுக்காரர்கள்கூட சந்தேகம் கேட்க எனக்கு போன் செய்வார்கள்.

இரண்டு விஷயத்தை இங்கே விளக்கிவிடுகிறேன், கீபோர்டு தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால்.

ஒன்று, டிரான்ஸ்போஸ். பாடுகிறவருக்கு சுருதி எட்டவில்லை என்றால் நாம் விரலை மாற்ற வேண்டாம். கருவியிலேயே அரைக்கட்டை ஏற்றலாம், இறக்கலாம். பிளஸ் ஒன்று என்று வைத்தால் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதற்கு அடுத்த கட்டையின் சத்தம், அதாவது அரைக்கட்டை மேலே, கேட்கும். பழைய கீபோர்டுகளில் இதற்கு இடது பக்கம் தனி பட்டன் உண்டு. எங்கள் புது மாடலில் அது மெனுவுக்குள்ளே, மூன்றாவது பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது, மெமரி. ஒரு பாட்டுக்கு வேண்டிய டோன், ரிதம், வால்யூம் எல்லாவற்றையும் ஒரு நம்பரில் சேர்த்து வைக்கலாம். அடுத்த முறை அந்த நம்பரை அழுத்தினால் எல்லாம் அப்படியே வந்து நிற்கும்.

மெமரி நான்கில் நான் ஒரு பியானோ டோன் வைத்திருந்தேன். இரண்டு மாதம் இழைத்துச் செய்தது. கருவியில் வரும் பியானோ கொஞ்சம் தகரம் மாதிரி கேட்கும். இது அப்படி இல்லை, மரத்தைத் தட்டினால் வரும் சத்தம் அதில் இருந்தது. முந்தின வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் எங்கள் பாடகிக்கு ஒரு பாட்டுக்கு மட்டும் அதை எடுத்தேன். அன்றைக்கு அவருக்குத் தொண்டை நன்றாக இருந்தது, அரைக்கட்டை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், அதே மெமரி நான்கில் சேவ் செய்தேன்.

4. ஆறு பத்து பாசஞ்சர்

கச்சேரி அன்று காலை எட்டு மணிக்கே போய் எல்லாவற்றையும் சரி பார்த்தேன். டிரான்ஸ்போஸை சைபரில் வைத்தேன். இதை இரண்டு முறை பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மெட்டையும் கருவியின் சாதாரண பியானோவிலேயே வாசித்தேன். அந்த நல்ல டோனை சேகர் அண்ணனுக்கென்று தனியாக வைத்திருந்தேன்.

கச்சேரி நன்றாகத்தான் போனது. ஜார்ஜைப் பார்க்க வந்தவர்களும் எழுந்து போகவில்லை. இரண்டாவது மெட்டில் பாபு தனியாக வாசித்தபோது கைதட்டல் வந்தது. ஜெயக்குமார் சார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

சேகர் அண்ணன் மேடை ஏறினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. நாற்காலியின் உயரத்தைச் சரி செய்தார். நான் குனிந்து, "அண்ணா, உங்களுக்குன்னு ஒரு டோன் வெச்சிருக்கேன், பாருங்க" என்று சொல்லி மெமரி நான்கை அழுத்தினேன். அழுத்திவிட்டுப் பொன்னாடைத் தட்டை எடுக்க ஓரமாகப் போய்விட்டேன்.

சுந்தர் நாலு எண்ணினான். முதல் வரியிலேயே சத்தம் உடைந்தது. சேகர் அண்ணன் சி-யில் வாசிக்கிறார், ஸ்பீக்கரில் அரைக்கட்டை மேலே கேட்கிறது. பாபுவின் பேஸ் கீழே சி-யில் நிற்கிறது. இரண்டும் அடித்துக்கொண்டன.

இப்போது நான் எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் பட்டனை நினைக்கவில்லை. 'ஐயோ, கை வரவில்லை' என்றுதான் நினைத்தேன். எண்பது பேர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன்.

சேகர் அண்ணனுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கிறது. இடது கை டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடி இடது பக்கம் போனது. அங்கே பட்டன் இல்லை. உடனே அவர் விரலை அரைக்கட்டை கீழே நகர்த்தினார். அதாவது, சி கேட்பதற்காக பி மேஜரில் வாசித்தார். அதில் ஐந்து கருப்புக் கட்டை. கை நன்றாக இருக்கிறவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள்.

அதே நொடியில் பாபு, அண்ணனுக்கு உதவி செய்வதாக நினைத்து, பேஸை அரைக்கட்டை மேலே ஏற்றினான். இவர் இறங்கினார், அவன் ஏறினான். சந்தில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வது மாதிரி. மறுபடியும் அடித்துக்கொண்டன. பாபு தப்பை உணர்ந்து திரும்பி சி-க்கு வந்தான். இப்போது சுருதி சேர்ந்துவிட்டது. ஆனால் சேகர் அண்ணன் கருப்புக் கட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார். மோதிர விரல் சறுக்கியது. சுண்டு விரல் இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தது. நடுவிரலால் சமாளித்தார். மெட்டு நொண்டியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெனுவுக்குள் மூன்றாவது பக்கம் போய் அதைச் சரி செய்யத் தெரிந்த ஒரே ஆள் அந்த மண்டபத்தில் நான்தான். பத்தடி தூரத்தில் நின்றேன், கையில் தட்டுடன். போயிருக்கலாம். போனால் எல்லோர் முன்னாலும் மேனுவல் ஏழுமலை கருவியைச் சரியாக வைக்கவில்லை என்று ஆகும். முதல் வரிசையில் ஜெயக்குமார் சார். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. போகவில்லை, அவ்வளவுதான்.

ஜெயக்குமார் சார் எழுந்து மைக்கை வாங்கினார். அவர் கெட்டவர் இல்லை. மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்தார். "போதும் சேகரு, போதும். உடம்பு முடியாத நெலமையிலயும் நம்ம கூப்ட்டதுக்கு வந்து வாசிச்சாரு. எல்லாரும் ஒரு தபா ஜோரா கையத் தட்டுங்க."

தட்டினார்கள். அன்றைக்கு மண்டபத்தில் வந்த பெரிய கைதட்டல் அதுதான். "பாவம், நல்ல மனுஷன்" என்று ஒரு அம்மா சொன்னது மேடைக்கே கேட்டது.

நான் போய்ப் பொன்னாடை போர்த்தினேன். போர்த்தும்போது சேகர் அண்ணன் தலையைக் குனிந்து என் காதில் சொன்னார்: "டிஸ்ப்ளேவப் பாரு. பிளஸ் ஒன்னு."

மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் நன்றியுரை சொன்னேன். மண்டபக்காரருக்கு, மைக்செட்காரருக்கு, வந்தவர்களுக்கு எல்லாம் நன்றி சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.

5. போன்

சாமான்களை வேனில் ஏற்றும்போது என் போன் அடித்தது. கலாவதி அக்கா.

"இன்னா ஏழுமல, மணி ஒன்னாவுது, போனே காணோம்? நல்லா வாசிச்சாரா?"

"வாசிச்சாருக்கா."

"நல்லான்னு கேக்குறேன்."

"நல்லாத்தான் வாசிச்சாரு. கை தட்டுனாங்க."

"முருகா! நான் போய் கறி எடுத்துக்கினு வர்றேன். அவருகிட்ட சொல்லாத, ஜல்தி அனுப்பி வுடு."

அண்ணன் வீடு போய்ச் சேர்ந்தபோது கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

6. சொல்லப் போன இடங்கள்

மறுநாள் மண்டிக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னுதுதான். மெமரியில சேவ் ஆயிருந்தது..."

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. எண்பது பேரு உக்காந்துக்கினு இருந்தாங்களே, அதுல ஒருத்தங்கிட்ட போய்ச் சொல்லு."

அப்படியே ஜெயக்குமார் சார் வீட்டுக்குப் போனேன். முழுவதும் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

"பெரிய மனசுய்யா உனக்கு. அவருக்கோசரம் பழிய உன் தலையில போட்டுக்கிற. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

"சத்தியமா சார், பட்டன்தான்."

"சரி சரி, பட்டன்தான். காபி சாப்புடு."

நேற்று மைக்கில் சொல்லியிருந்தால் அது உண்மை. இன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அது என் நல்ல குணமாகிவிட்டது. விடவில்லை. அடுத்த நாள் கீபோர்டையே தூக்கிக்கொண்டு போய் அவர் ஹாலில் வைத்து மெமரி நான்கை அழுத்திக் காட்டினேன். டிஸ்ப்ளேயில் பிளஸ் ஒன்று வந்து நின்றது. குனிந்து பார்த்தார்.

"சரிப்பா, ஒத்துக்குறேன். மொதல்ல கேட்டது பட்டன் பண்ண வேல. அப்புறம் கருப்புக் கட்டையில விரலு சறுக்குச்சே, அது எந்த பட்டன்?"

அவர் கேட்டது நியாயம்தான், கல்யாண மேடையில் கருப்புக் கட்டை இல்லாமல் நடக்காது. கல்யாணத்தில் பாடகர் எந்த சுருதியில் ஆரம்பிப்பார் என்று யாருக்குத் தெரியும்? டிரான்ஸ்போஸ் எதற்கு இருக்கிறது, வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அத நம்பி வாசிச்சா இன்னா ஆவும்னுதான் முந்தாநாளு காட்டிட்டியே" என்றார். நான் கிளம்பும்போது, "வைகாசிக்கு எனக்கு ஆளு வேணும். நீ வர்றியா?" என்று கேட்டார்.

மறுத்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அன்றைக்கு மறுக்கத்தான் செய்தேன். சித்திரை கடைசியில் போய்ச் சேர்ந்தேன். விழுப்புரத்தில் மாதம் நாலு புரோகிராம், திண்டிவனத்தில் பதினொன்று. சேர்ந்த பிறகு ஊரில் ஒரு பேச்சு வந்தது, சீட்டுக்காகத்தான் ஏழுமலை பட்டனை மாற்றி வைத்தான் என்று. பட்டனை அழுத்தியது நான், சீட்டில் உட்கார்ந்ததும் நான். நடுவில் இருந்ததை யாருக்கு விளக்குவது?

7. தம்பிகளுக்கு

கச்சேரி அன்று இரவே வீட்டுக்கு வந்து மேனுவலை எடுத்துப் பார்த்தேன். மெமரி பற்றிய பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது: டிரான்ஸ்போஸும் சேர்ந்தே சேவ் ஆகும். அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. மேலே தமிழ் அர்த்தமும் இருந்தது. என் கையெழுத்துதான்.

ஆகவே மெமரியை அழுத்திய பிறகு டிஸ்ப்ளேயைப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. இன்னொருவருக்கு உங்கள் கருவியைக் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு நகருங்கள். இது தொழில் பாடம், யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள்.

மற்றது யாரும் சொல்லித் தராதது. மேடையில் உங்கள் தப்பால் இன்னொருவர் தடுமாறினால், அந்தப் பாட்டு முடிவதற்குள், அதே மேடையில், அதே மைக்கில் "தப்பு என்னுது" என்று சொல்லுங்கள். அடுத்த நாள் சொன்னால் உங்களைத்தான் பாராட்டுவார்கள். அவருக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது.

ஆடி மாதம் கலாவதி அக்கா போன் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரோட கீபோர்டு சும்மா கெடக்குது ஏழுமல. தொடறதே இல்ல. பாக்கப் பாக்க எனக்கும் ஒரு மாதிரியா இருக்குது. யாராச்சும் வாங்குவாங்களா, உனக்குத் தெரிஞ்சவங்க?" என்றார். மரக்காணம் பக்கம் ஒரு பஜனைக் குழுவுக்கு நானே பேசி முடித்தேன். எடுத்துவர வீட்டுக்குப் போனபோது அண்ணன் வெளியே வரவில்லை. உறை, ஸ்டாண்டு, பெடல் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்.